நடத்தைச் சிகிச்சையாளரை அமர்த்துவோர்க்கு

பிழைப்பை நாடி ஊர் விட்டு வந்த குடும்பங்களுக்குச் சமையலுக்கு ஆள் வைப்பதும், பிள்ளைக்குக் கணக்கு ஆசிரியர் தேடுவதும் பழகிய செயல்கள். யாரை வைக்கலாம், என்ன கொடுக்கலாம் என்பதை அடுத்த வீட்டாரைக் கேட்டே முடிவு செய்துவிடுகிறோம். அண்மைக் காலமாக நம் வீடுகளுக்குப் புதிய வகை ஊழியர் ஒருவர் வரத் தொடங்கியிருக்கிறார். அவரைப் பற்றி மட்டும் அடுத்த வீட்டாரைக் கேட்கப் பலரும் கூசுகின்றனர். ஆட்டிசம் உடைய குழந்தைக்கும் அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு உடைய குழந்தைக்கும் பேச்சையும் பழக்கங்களையும் பயிற்றுவிக்க வரும் நடத்தைச் சிகிச்சையாளரையே குறிப்பிடுகிறோம். கூச்சத்தால் வாய் திறவாமல் அமர்த்துவதும், சில திங்களில் மனம் கசந்து நிறுத்துவதும், மீண்டும் வேறொருவரைத் தேடுவதுமாகக் காலம் கழிகிறது. கழிவது குழந்தையின் காலம் என்பதால் இத்திங்கள் இப்பகுதியை இப்பொருளுக்கே ஒதுக்கினோம். வீட்டில் தனியே அமர்த்துவோரையும், சங்கத்தின் சார்பிலோ பள்ளியின் சார்பிலோ அமர்த்த எண்ணுவோரையும் ஒருங்கே மனத்திற் கொண்டு எழுதுகிறோம்.

முதலில் பெயரைத் தெளிவாக்கிக் கொள்வோம். நடத்தைச் சிகிச்சை என்பது இரு வேறு பணிகளுக்குப் பொதுவாக வழங்கும் பெயர். அச்சத்தாலும் ஓயாத ஐயத்தாலும் வருந்தும் பெரியவர்களுக்கு உளவியலாளர் தம் அறையில் அளிப்பது ஒன்று. குழந்தையின் அருகிலேயே இருந்து, சொல் கேட்டு வாங்கவும், பல் துலக்கவும், காத்திருக்கவும் சிறு சிறு படிகளாகப் பழக்குவது மற்றொன்று. இரண்டாவதற்கு ஆங்கிலச் சுருக்கமாக ஏ.பி.ஏ. என்று பெயர். ஸ்கின்னர் என்னும் அமெரிக்க உளவியலாளர் கண்ட கற்றல் விதிகளை அடிப்படையாகக் கொண்டு 1960-களில் அது வளர்ந்தது. அதற்கென்றே ஓர் ஆய்விதழ் 1968-இல் தோன்றியது. முதல் பணியில் தேர்ந்தவர் இரண்டாவதில் தேர்ந்தவராக இருப்பார் என்று எண்ணிவிடலாகாது. நாம் இங்கே பேசுவது இரண்டாவதைப் பற்றியே.

பெயரை மட்டும் கொண்டு தகுதியை அறிய இயலாது என்பதே அமர்த்துவோர் முதலில் உணர வேண்டுவது. 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இந்திய மறுவாழ்வு மன்றம், ஆர்.சி.ஐ. என்பது, மறுவாழ்வுத் தொழிலர்க்கான நடுவண் பதிவேட்டைப் பேணி வருகிறது. மருத்துவ உளவியலாளர், மறுவாழ்வு உளவியலாளர், சிறப்பாசிரியர் ஆகியோர்க்கு அப்பதிவேட்டில் இடமுண்டு. 'பிஹேவியர் தெரபிஸ்ட்' என்றொரு தனிப் பிரிவு அதில் இல்லை. ஆகவே வருபவர் எதில் பயின்றவர் என்று கேட்டு, உளவியலாளர் என்றோ சிறப்பாசிரியர் என்றோ விடை வந்தால் பதிவெண்ணைப் பெற்று மன்றத்தின் இணையதளத்தில் சரிபார்த்துக் கொள்ள வேண்டும். பதிவுச் சான்றிதழுக்குக் காலவரை உண்டு. புதுப்பிக்கப்பட்டதா என்பதையும் பார்க்க வேண்டும். இதில் நாணத்திற்கு இடமில்லை. நல்ல தொழிலர் கேட்குமுன்னரே காட்டுவார்.

2021-இல் இயற்றப்பட்ட மற்றொரு நடுவண் சட்டம், மருத்துவம் சார்ந்த பல துறையினரை ஒரு தேசிய ஆணையத்தின் கீழ்க் கொணர்கிறது. நடத்தைப் பகுப்பாய்வாளர் என்னும் பெயர் அச்சட்டத்தின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. வெளிநாட்டுச் சான்றிதழ்களைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்காவில் 1998-இல் தோன்றிய பி.ஏ.சி.பி. என்னும் வாரியம் வழங்கும் பி.சி.பி.ஏ. பட்டயத்தைச் சிலர் காட்டுவர். அவ்வாரியம் 2023-ஆம் ஆண்டின் தொடக்கம் முதல் இந்தியாவில் வாழ்வோரிடமிருந்து புதிய விண்ணப்பங்களை ஏற்பதில்லை. அதற்கு முன்பே பெற்றவர்கள் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களுடைய பெயர்களை வாரியத்தின் பதிவேட்டில் காணலாம். ஐ.பி.ஏ.ஓ., க்யூ.ஏ.பி.ஏ. முதலிய வேறு அமைப்புகளும் சான்றளிக்கின்றன. சுவரில் தொங்கும் தாளில் எந்த எழுத்துகள் இருப்பினும், அவை எத்தனை மணிப் பயிற்சியைக் குறிக்கின்றன, யாருடைய மேற்பார்வையில் பெற்றவை என்று கேட்பது அமர்த்துவோரின் உரிமை. 40 மணி வகுப்பில் இருந்து பெற்ற தாளும், ஈராண்டு மருத்துவமனையில் பயின்று பெற்ற தாளும் ஒரே அளவுச் சட்டத்தில்தான் மாட்டப்படுகின்றன!

தாள்களை விட்டு ஆளிடம் வருவோம். அழைத்துப் பேசும்பொழுது, 'எத்தனை ஆண்டு அனுபவம்', 'எத்தனை குழந்தைகளைத் தேற்றியிருக்கிறீர்கள்' என்னும் வினாக்களே பெரும்பாலும் எழுகின்றன. இவற்றால் பயன் சிறிது. நாம் பரிந்துரைக்கும் வினா ஒன்று உண்டு: 'நாலு வயதுக் குழந்தை ஒன்று நாள்தோறும் தலையைச் சுவரில் மோதிக் கொள்கிறது. முதல் வாரத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்?'

கையைப் பிடித்துத் தடுப்பேன் என்பவரும் உண்டு. கண்டுகொள்ளாமல் விட்டால் தானே நின்றுவிடும் என்பவரும் உண்டு. இருவரும் காரணத்தைத் தேடவில்லை. தேர்ந்தவர் முதலில் உங்களையே வினவத் தொடங்குவார். எந்நேரத்தில் மோதுகிறது? அதற்குச் சற்று முன் என்ன நடந்தது? மோதிய பின் யார் ஓடி வந்தார், என்ன கொடுத்தார்? காதில் சீழோ, பல்வலியோ, மலச்சிக்கலோ உண்டா என்று குழந்தை மருத்துவரிடம் காட்டினீர்களா? பேச இயலாத குழந்தைக்கு வலியைச் சொல்ல வேறு வழியின்றிச் சுவரே மொழியாகி இருத்தல் கூடும். உடல்நோய் இல்லை என்று தெளிந்த பின், அவர் சில நாள் உடனிருந்து முன்னும் பின்னும் நடப்பவற்றைக் குறித்துக் கொள்வார். பாடத்திலிருந்து தப்பவே குழந்தை மோதுகிறது என்று தெரிந்தால், 'போதும்' என்பதைச் சொல்லாலோ, கையசைவாலோ, பட அட்டையாலோ காட்டக் கற்பிப்பார். காட்டியவுடன் பாடத்தை நிறுத்தியும் காட்டுவார். தீய பழக்கத்தின் வேலையைச் செய்யும் நல்ல சொல்லொன்றைத் தருவதே இதன் உட்பொருள். கார், டுராண்ட் என்னும் இருவர் 1985-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வழிகாட்டியது. மேற்சொன்ன வினாவுக்கு இவ்வகை விடை தருபவர் இளைஞராயினும் அமர்த்தலாம். நீண்ட அனுபவம் உடையவராயினும், விடையில் காரணத்தைத் தேடும் எண்ணமே இல்லையெனில் வணக்கம் கூறி அனுப்பிவிடலாம்.

இரண்டாவது வினா தண்டனையைப் பற்றியது. இதைக் கேளாமல் எவரையும் வீட்டிற்குள் விடலாகாது. இத்துறையின் பழைய வரலாற்றில் கறையொன்று உண்டு. இவார் லோவாஸ் 1987-இல் வெளியிட்ட பெயர் பெற்ற ஆய்வில் 19 சிறு குழந்தைகளுக்கு வாரம் 40 மணி அளவில் பயிற்சி தரப்பட்டது. அவர்களுள் 9 பேர் மிக நன்கு தேறினர் என்று எழுதப்பட்டது. அப்பயிற்சியில் உரத்த அதட்டலும், சில வேளை தொடையில் அறைதலும் இடம்பெற்றிருந்தன. குழந்தைகளைப் பிரித்த முறையும் பின்னர் கண்டிக்கப்பட்டது. ஆட்டிசம் உடையோர் பலர் வளர்ந்தபின், தாம் சிறு வயதில் பெற்ற இத்தகைய பயிற்சிகளால் துன்புற்றதை வெளிப்படையாகவே பேசியிருக்கின்றனர். இன்று நல்ல பயிற்சியாளர்கள் அம்முறைகளைக் கைவிட்டு, விளையாட்டோடும் குழந்தையின் விருப்பத்தோடும் கற்பிக்கின்றனர். எனினும் உணவை மறைத்து வைத்துப் பணிய வைப்போரும், கண்ணைப் பார் என்று தாடையைப் பற்றித் திருப்புவோரும் இன்னும் உளர். ஆகவே, 'குழந்தை அழுதால் என்ன செய்வீர்கள்? வேண்டாம் என்று காட்டினால் நிறுத்துவீர்களா?' என்று நேராகவே கேட்க வேண்டும். வாரம் 40 மணி என்னும் எண்ணைக் காட்டி அச்சுறுத்துவோர் சொல்லுக்கும் மயங்க வேண்டுவதில்லை. உறங்கவும் விளையாடவும் பாட்டி மடியில் கிடக்கவும் குழந்தைக்கு நேரம் வேண்டும். மூன்று திங்களில் முற்றும் குணமாக்குவேன் என்று எழுதித் தருபவரை நாம் எடுத்துக் கூறவே தேவையில்லை.

இனி நமக்கே உரிய சிக்கலுக்கு வருகிறோம். தாயகத்தில் வாழ்வோர் இதை அறியார்.

நம் குழந்தை வீட்டில் கேட்பது தமிழ், மாடிப்படியில் கேட்பது இந்தியோ மராத்தியோ வங்காளமோ, பள்ளியில் ஆங்கிலம். வரும் பயிற்சியாளர் பெரும்பாலும் தமிழறியார். அவர் முதல் நாளே கூறும் அறிவுரை ஒன்றை நம் அன்பர் பலர் கேட்டிருப்பர்: 'இத்தனை மொழிகளால் குழந்தை குழம்புகிறது, வீட்டில் தமிழை நிறுத்திவிடுங்கள், எல்லாரும் இந்தியில் பேசுங்கள்.' பெற்றோர் கலங்கியிருக்கும் நேரத்தில் இச்சொல் கட்டளையாகவே ஒலிக்கிறது. தாய் தனக்கு வாராத இந்தியில் குழந்தையிடம் நாலு சொல் பேசி, மற்ற நேரமெல்லாம் வாயடைத்துப் போகிறாள். பாட்டிக்கோ அந்நாலு சொல்லும் இல்லை. பேச்சைக் கேட்டே வளர வேண்டிய குழந்தையைச் சுற்றிலும் பேச்சு குறைந்துவிடுகிறது.

இவ்வறிவுரைக்கு ஆய்வில் ஆதாரம் இல்லை என்பதை நாம் அழுத்தமாகக் கூற விரும்புகிறோம். கனடாவில் ஹாம்ப்ளி, ஃபோம்போன் என்னும் இருவர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், இருமொழிச் சூழலில் வளரும் ஆட்டிசக் குழந்தைகள் ஒருமொழிச் சூழலில் வளர்வோரைவிட மொழி வளர்ச்சியில் பின்தங்கியிருக்கவில்லை. வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகளும் இம்முடிவோடு ஒத்துச் செல்கின்றன. பேச்சு தாமதப்படுவது ஆட்டிசத்தின் இயல்பு; தமிழின் குற்றமன்று. ஆதலின் அமர்த்துமுன் கேட்க வேண்டிய மூன்றாவது வினா: 'எங்கள் வீட்டு மொழியை வைத்துக் கொண்டே பயிற்றுவிக்க இசைவீர்களா?'

தமிழறியாதவர் அதற்கு இசைய முடியுமா என்று ஐயுற வேண்டா. முடியும், அதற்கு வீட்டார் சிறிது உழைக்க வேண்டும். குழந்தை சொல்லும் சொற்களையும் பாதிச் சொற்களையும் ஒரு தாளில் எழுதி, எதிரே பொருளையும் பயிற்சியாளர் அறிந்த எழுத்தில் ஒலிப்பையும் குறித்துக் கொடுங்கள். 'மம்மு', 'தூக்கு', 'தா', 'வாணாம்', 'போலாம்' என்பவை அத்தாளில் தவறாமல் இருக்கட்டும். 'வா' என்று குழந்தை அழைப்பதை இந்தி பேசுபவர் பாராட்டொலி என்று கொண்டு சிரித்துவிட்டுப் போனால், அன்று அக்குழந்தை முயன்று சொன்ன ஒரே சொல் வீணாயிற்று. பயிற்சியாளர் இருபது முப்பது தமிழ்ச் சொற்களைக் கற்றால் போதும். கற்க மனமுள்ளவரா என்பதை முதல் பத்து நாளிலேயே கண்டுகொள்ளலாம்.

மொழியைப் போலவே வீட்டு வழக்கமும் கருதத் தக்கது. கரண்டியால் உண்ணப் பழக்குவது பல நிலையங்களின் பாடத்தில் இருக்கிறது. தயிர்ச்சோற்றைக் கையால் பிசைந்து உண்ணும் வீட்டில் அதுவே முதற்பாடமாக இருத்தல் எதற்கு? குழந்தை தன் கையால் ஐந்து கவளம் உண்ணட்டும். குறிக்கோள்களை வீட்டாரே முதலில் எழுதிக் கொண்டு, அவற்றையே பயிற்சியாளர் முன் வைக்க வேண்டும். 'நடத்தை சீராக வேண்டும்' என்பது குறிக்கோளாகாது. 'கழிப்பறைக்குப் போக வேண்டும் என்பதைத் தானே காட்ட வேண்டும்', 'பள்ளி வண்டிக்காகப் பத்து நிமிடம் நிற்க வேண்டும்' என்பவை குறிக்கோள்கள். அவற்றை எண்ணிப் பார்க்கலாம். குறைந்ததா கூடியதா என்று திங்கள்தோறும் காணலாம்.

எத்தகைய தேர்வும் ஒரு மணி நேர நேர்காணலால் நிறைவுறாது. இரண்டு அல்லது நான்கு வாரம் சோதனைக் காலமாக வைத்து, அதற்கும் முழு ஊதியம் கொடுங்கள். பயிற்சி நடக்கையில் வீட்டார் ஒருவர் அறையில் இருத்தல் வேண்டும். கதவை அடைத்துக் கொண்டுதான் கற்பிப்பேன் என்பவர் எத்துணைத் தகுதியுடையவராயினும் நமக்கு ஆகார். 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தை நினைவூட்டுவது மட்டும் போதாது, இந்த எளிய ஒழுங்கே காவல். பின்னணியைக் காவல்துறை வாயிலாகச் சரிபார்ப்பதும், முன்பு பணிபுரிந்த இரு வீட்டாரோடு பேசுவதும் தவறலாகாது. குழந்தையின் படத்தையும் காணொளியையும் நம் இசைவின்றி எவர்க்கும் அனுப்பலாகாது என்பதை எழுத்தில் வாங்குக.

ஒன்றை முன்னரே அறிந்திருத்தல் நன்று. கேட்டழுதால் முறுக்குக் கிடைக்கும் என்று பழகிய குழந்தைக்கு அது கிடைக்காமற் போனால், அழுகை முதலில் ஓங்கும், பிறகே தணியும். இரண்டாம் வாரத்தில் அழுகை ஓங்கக் கண்டு, 'இவர் வந்தபின் கேடு மிகுந்தது' என்று பயிற்சியாளரை நிறுத்திய வீடுகள் உண்டு. அழுகை உச்சியில் இருக்கும்போது பாட்டி மனமிரங்கி முறுக்கை நீட்டிவிட்டால், இன்னும் உரக்க அழ வேண்டும் என்பதே குழந்தை கற்ற பாடமாகும். நல்ல பயிற்சியாளர் இதனைத் தொடக்கத்திலேயே சொல்வார், பாட்டியிடமும் சொல்வார். பாட்டிக்குத் தமிழில் சொல்ல ஆள் வேண்டும் என்பதை மறவாதீர்.

வீட்டிற்கு வந்து பணிபுரிபவர் பெரும்பாலும் உளவியல் பட்டம் பெற்ற இளம்பெண்ணாக இருப்பார். திட்டம் வகுக்கும் மூத்தவர் வேறொருவர். இம்மூத்தவர் யார், அவர் எப்போது வந்து பார்ப்பார் என்று கேளாமலே பலர் ஒப்பந்தம் செய்கின்றனர். பி.ஏ.சி.பி. வாரியம் தன் இளநிலைப் பயிற்சியாளர்க்கு வைத்துள்ள அளவை நாமும் கொள்ளலாம்: திங்கள்தோறும் பணியாற்றும் நேரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்காவது மேற்பார்வையில் இருத்தல் வேண்டும். திங்களுக்கு 40 மணிப் பயிற்சி என்றால் 2 மணி. நம்மவர்க்கு ஏற்ற ஏற்பாடு ஒன்று உண்டு. சென்னையில் இருக்கும் தமிழறிந்த மூத்தவர் காணொளி வழியே மேற்பார்வையும் பெற்றோர்க்குப் பயிற்சியும் அளிக்க, உள்ளூர்ப் பயிற்சியாளர் நேரில் நடத்துவது. முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் பல்வகை ஊனமுற்றோர்க்கான தேசிய நிறுவனத்தில் பயின்றவர்களிடையே தமிழறிந்தோரைத் தேடலாம். பெங்களூர் நிம்ஹான்ஸ், செகந்திராபாத்தில் உள்ள அறிவுசார் குறைபாடுடையோர்க்கான தேசிய நிறுவனம், ராஞ்சி மனநல நிறுவனம் ஆகியவற்றுக்கும் வேலை அறிவிப்பை அனுப்பலாம். அறிவிப்பில் பணி, மணி, ஊதியம், மேற்பார்வையாளர், 'தமிழ் அறிந்தோர்க்கும் கற்க விழைவோர்க்கும் முன்னுரிமை' என்னும் ஐந்தும் இருக்கட்டும். ஊதியத்தை மறைத்து வெளியிடும் அறிவிப்பு நல்லவர்களை வாராமற் செய்யும்.

அமர்த்துவோரின் கடமையும் உண்டு. நகரத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு இரண்டு பேருந்து மாறி வருபவர்க்கு வழிச்செலவு கொடுக்க வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல் என்று கடைசி நேரத்தில் வர வேண்டாம் என்றால், அன்றைய ஊதியத்தில் ஒரு பங்கேனும் கொடுப்பது முறை. விலகுவதற்கு முன் ஒரு திங்கள் அறிவிப்பு இரு தரப்பார்க்கும் பொது. மூத்த பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுக்கவும், கடைக்குப் போய் வரவும் அவரை ஏவுதல் கூடாது. 2013-ஆம் ஆண்டில் பணியிடத்தில் பெண்களைக் காக்க வந்த சட்டம் வீட்டையும் பணியிடமாகவே கருதுகிறது என்பதை வீட்டு ஆடவர் அறிந்திருக்க வேண்டும்.

தனி வீட்டிற்கு இச்செலவு பெருஞ்சுமை என்பதை அறிவோம். ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து ஒருவரை முழுநேரமாக அமர்த்தினால் அவர்க்கும் நிலையான ஊதியம், குடும்பங்களுக்கும் சுமை குறைவு. சங்கக் கட்டடத்தில் வார நாட்களில் பூட்டிக் கிடக்கும் அறையொன்றை அதற்குத் தரலாம். பொங்கல் விழாவுக்கும் ஆண்டு விழாவுக்கும் மட்டுமா அந்த அறை? அவ்வாறு அமர்த்துங்கால் தேர்வுக் குழுவில் பெற்றோர் ஒருவரும், சங்கத்தைச் சாராத துறையறிஞர் ஒருவரும் இருத்தல் வேண்டும். செயலாளரின் உறவினர் என்னும் தகுதி இப்பணிக்குப் போதாது.

தினந்தோறும் எழுதும் குறிப்பேடு வீட்டாருடைய உடைமை என்பதை ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள். பணி மாற்றத்தால் நாம் நாகபுரியிலிருந்து தில்லிக்குப் போனாலும், பயிற்சியாளர் மணமாகி வேறூர் சென்றாலும், அடுத்தவர் தொடங்க அந்த ஏடு ஒன்றே துணை. தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் நடக்கும் நிராமயா காப்பீட்டில், ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அளிக்கப்படும் உதவியில் இத்தகைய பயிற்சிகளுக்கும் ஒரு பகுதி உண்டு. அதில் சேரும் முறையையும், வேண்டிய சான்றிதழ்களையும் அடுத்த திங்கள் எழுதுவோம்.